ஓசனிச்சிட்டு வராது, தேன்சிட்டு வரும்



பள்ளித் தோட்டத்தில் சிவப்புப் பூச்செடிகளை நட்டால் 'ஹம்மிங்பேர்ட்' தேடி வரும் என்னும் கருத்து நம்மிடையே பரவிக் கிடக்கிறது. இணையத்தில் நாம் படிக்கும் தோட்டக்கலைக் குறிப்புகளுள் பல அமெரிக்கர்கள் எழுதியவை. அவர்கள் தங்கள் வீட்டு முற்றத்தை மனத்திற்கொண்டு எழுதியதை, நம் பள்ளி வளாகத்திற்கே எழுதியதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களில் இப்பேச்சு எழுகிறது. பள்ளிச் சுவர்களில் அப்பறவையின் ஓவியம் இடம்பெறுகிறது. மாணவர் கட்டுரைகளிலும் 'எங்கள் பள்ளித் தோட்டத்தில் ஹம்மிங்பேர்ட் தேன் குடித்தது' என்னும் வரி தயக்கமின்றி வந்து அமர்கிறது.

சிவப்புப் பூச்செடி நடுவதை நான் மனமார ஆதரிக்கிறேன். பறவையின் பெயரில்தான் எனக்கு வழக்கு.

அந்தப் பறவையைத் தமிழில் ஓசனிச்சிட்டு என்பர். ஓசனித்தல் என்பது சிறகடித்தலைக் குறிக்கும் பழஞ்சொல். பெயர் பொருத்தமாகவே அமைந்திருக்கிறது. ஏறத்தாழ 360 வகை ஓசனிச்சிட்டுகள் உள்ளன. அத்தனையும் வட, தென் அமெரிக்கக் கண்டங்களிலும் அவற்றை ஒட்டிய தீவுகளிலும் மட்டுமே வாழ்கின்றன. மலேசியக் காட்டில் ஒன்றுகூட இல்லை. தமிழகத்திலும் இல்லை. ஜெர்மனியில் கிடைத்த, ஏறக்குறைய 3 கோடி ஆண்டு பழைமையான ஓசனிச்சிட்டின் புதைபடிவத்தைப் பற்றி 2004-இல் அறிவியலாளர் எழுதினர். ஆகவே ஒரு காலத்தில் அவ்வினம் ஐரோப்பாவிலும் இருந்தது உண்மை. அதைக் காட்டி 'இங்கும் வரலாமே' என்று வாதிடுவோர் இன்னும் 3 கோடி ஆண்டு காத்திருக்க வேண்டும்!

அப்படியானால் நம் பள்ளிச் சன்னலுக்கு வெளியே செம்பருத்தியில் தொங்கிக்கொண்டிருக்கும் அந்தச் சின்னஞ்சிறு பறவை எது? அதுதான் தேன்சிட்டு. மலாய்மொழியில் கெலிச்சாப் என்பார்கள். ஆப்பிரிக்கா தொடங்கி ஆசியா வழியாக ஆஸ்திரேலியாவின் வடபகுதி வரை 140-க்கும் மேற்பட்ட தேன்சிட்டு வகைகள் உள்ளன. ஓசனிச்சிட்டுக்கும் இதற்கும் இரத்த உறவு கிடையாது. இரண்டும் பூந்தேனை நம்பிப் பிழைப்பதால் நீண்டு மெலிந்த அலகும், நீளும் நாக்கும், மினுமினுக்கும் இறகும் இரண்டுக்கும் தனித்தனியே வாய்த்தன. நீரில் நீந்துவதால் திமிங்கிலம் மீனைப் போல வடிவம் பெற்றதைப் பிள்ளைகளுக்கு எடுத்துக்காட்டுகிறோம் அல்லவா? இதுவும் அவ்வாறுதான்.

வேறுபாட்டைக் கண்டறியப் பிள்ளைகளுக்கு ஒரு நிமிடம் போதும். ஓசனிச்சிட்டு ஏறக்குறைய எப்போதும் அந்தரத்தில் நின்றபடியே உண்ணும்; பின்னோக்கியும் பறக்கும். அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக்குக் கோடைதோறும் வரும் செங்கழுத்து ஓசனிச்சிட்டின் எடை ஏறத்தாழ 3 கிராம். நொடிக்கு ஐம்பது முறை அளவில் சிறகடிக்கிறது. நம் தேன்சிட்டும் ஓரிரு நொடி அந்தரத்தில் நிற்க வல்லது. குழப்பம் வருவது இதனால்தான். ஆனால் கால் ஊன்ற ஒரு காம்பு கிடைத்தால் உடனே பற்றிக்கொள்ளும். தலைகீழாகத் தொங்கியும் உண்ணும்.

இதை வெறும் பெயர்ச் சிக்கல் என்று சிலர் தள்ளிவிடக்கூடும். நான் அவ்வாறு கருதவில்லை. நம் நாட்டில் 2003-ஆம் ஆண்டு அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்திற்கு மாறின. 2009-இல்தான் அம்முடிவைக் கைவிடுவதாக அரசு அறிவித்தது. இன்றைய இளம்பெற்றோருள் பலர் அக்காலத்தில் பள்ளியில் இருந்தவர்கள். அவர்களுக்கு விலங்குகளின் பெயர்கள் பாடநூல் வழியாகவும் தொலைக்காட்சி வழியாகவும் ஆங்கிலத்தில் வந்தன. தோட்டத்து லயங்களில் வாழ்ந்த தாத்தா பாட்டிக்குத் தேன்சிட்டு தெரியும். பேரனுக்கு ஹம்மிங்பேர்ட் தெரியும். இடையில் உள்ளவர்க்குப் பறவை தெரியும், பெயர் தெரியாது. கண்முன் இருக்கும் உயிருக்குக் கண்காணாத உயிரின் பெயரைச் சூட்டும் பிள்ளை, பார்த்ததை எழுதவில்லை. படத்தில் கண்டதை எழுதுகிறது. கட்டுரை திருத்தும் நமக்கு அது கவலை தர வேண்டாமா?

இனிச் சிவப்பு நிறத்துக்கு வருவோம். அமெரிக்கத் தோட்டக்காரர்கள் சிவப்புப் பூக்களைத் தேர்ந்தெடுப்பது மூடநம்பிக்கையன்று. தேனீயின் கண்ணுக்குப் புறஊதா, நீலம், பச்சை ஆகியவை புலப்படும். சிவப்பைத் தனி நிறமாக அது உணர்வதில்லை. பறவையின் கண்ணில் நான்கு வகை நிறவுணர் செல்கள் உள்ளன. சிவப்பு அதற்கு நன்கு தெரியும். ஆகவே பறவையை நம்பி மகரந்தம் அனுப்பும் செடிகளுக்குச் சிவப்பு ஆதாயமான நிறம். தேனீக்கள் எளிதில் கவனிக்காத கடையை அவை பறவைக்காகத் திறந்து வைத்திருக்கின்றன எனலாம். அத்தகைய பூக்களில் மணம் பெரும்பாலும் இராது. குழல் நீளமாக இருக்கும். தேன் நீர்த்தும் மிகுந்தும் சுரக்கும். பறவைக்குப் பிறவியிலேயே சிவப்பின்மேல் மோகம் என்று சொல்வது மட்டும் சரியன்று. எந்த நிறப் பூவில் நிறையத் தேன் கிடைக்கிறதோ அந்த நிறத்தை அது கற்றுக்கொள்கிறது. மஞ்சள் பூவில் தேன் இருந்தால் மஞ்சளுக்கும் வரும். எனவே சிவப்பு நெகிழிப் பூவைக் கட்டித் தொங்கவிட்டால் ஒருமுறை வந்து பார்க்கும், மறுமுறை வராது.

அமெரிக்கர்கள் நடும் செடிகளுள் புகழ்பெற்றது கார்டினல் லோபீலியா. ஈரமண்ணை விரும்பும் அச்செடி, குளிர்காலத்தில் தரைக்குமேல் மடிந்து வேரடியில் உயிர் பிழைத்து, அடுத்த ஆண்டு மீண்டும் தழைத்துப் பூக்கும். இத்தகைய செடிகளையே அவர்கள் பல்லாண்டுச் செடிகள் என்று சிறப்பித்துக் கூறுகிறார்கள். மெக்சிகோ வளைகுடாவைக் கடந்து வரும் பறவை அந்த முற்றத்தில் இறங்கும்போது பூ காத்திருக்க வேண்டும் என்பது அவர்களின் கணக்கு. நமக்கு அந்தக் கணக்கு தேவையில்லை. இங்கே பனியும் இல்லை, நம் தேன்சிட்டு ஊரைவிட்டுப் போவதும் இல்லை. ஆண்டு முழுதும் இங்கேயே இருக்கும் பறவைக்கு ஆண்டு முழுதும் ஏதேனும் ஒரு செடி பூத்திருந்தால் போதும். அந்த விதைகளை இணையத்தில் வாங்கி, நம் வெயிலில் முளைக்கவில்லையே என்று வருந்துவதில் பொருளில்லை.

இங்கே சுவையான செய்தி ஒன்று உண்டு. ஓசனிச்சிட்டு நம் நாட்டுக்கு வரவில்லை. ஆனால் அதற்காகவே உருவான பூக்கள் பல எப்போதோ வந்துவிட்டன. அலுவலக வாசல்களிலும் சாலையோரங்களிலும் செழித்து நிற்கும் ஹெலிகோனியாவின் வகைகளுள் பெரும்பாலானவை அமெரிக்க வெப்பமண்டலத்தைச் சேர்ந்தவை. இதழ் விரியாமல் மிளகாய்போலத் தொங்கும் சிறுசெம்பருத்தி மெக்சிகோ பக்கத்துச் செடி. பட்டாசுச் சரம்போல் சிவந்த குழல்களைத் தொங்கவிடும் ருசீலியாவும் அப்பகுதியினதே. நம் கல்வாழையும் அமெரிக்க மண்ணில் பிறந்தது. ஓசனிச்சிட்டுக்கு விரித்த பந்தியில் நம் தேன்சிட்டு கூச்சமின்றி உட்கார்ந்துகொண்டது. ஹெலிகோனியாவின் தடித்த மடல் அதற்குத் திண்ணையாகவே பயன்படுகிறது. (அந்தச் சிவப்பு மடல் பூவன்று; உண்மையான பூ உள்ளே ஒளிந்திருக்கிறது என்பதைப் பிள்ளைகளிடம் காட்டினால் வியந்துபோவார்கள்.)

எனினும் முதலிடம் செம்பருத்திக்கே. 1960-இல் நம் நாட்டின் தேசிய மலராக அறிவிக்கப்பட்ட புங்கா ராயா அதுவே. ஒவ்வொரு பள்ளியிலும் அதன் படம் இருக்கிறது. செடியும் பல பள்ளிகளில் இருக்கிறது. பூதான் இல்லை! காரணம் எளியது. செம்பருத்தி புதுத்தளிரின் நுனியில் மொட்டு விடும் செடி. நாமோ இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கத்தரியால் நுனியையெல்லாம் வெட்டிப் பெட்டிபோலச் சதுரமாக்கி 'அழகுபடுத்தி' வைக்கிறோம். பூக்க வேண்டிய நுனிகள் குப்பை மூட்டையில் போகின்றன. ஒருநாள் மட்டுமே மலர்ந்திருக்கும் பூவுக்கு, நாள்தோறும் புதுமொட்டு வேண்டும். வேலியை நேராக வெட்டியே தீர வேண்டும் என்றால் ஒரு பக்கத்தை வெட்டி மறுபக்கத்தை வளரவிடுங்கள். பள்ளிக்கு வருகை தரும் அதிகாரிகள் யாரும் பூத்த வேலியைக் குறைசொல்லி நான் கேட்டதில்லை.

செம்பருத்தியில் ஒரு முழு அறிவியல் பாடமே இருக்கிறது. தேன், பூவின் அடியில் சுரக்கிறது. முன்வாசல் வழியாக உள்ளே போனால் பறவையின் தலையில் மகரந்தம் ஒட்டும், செடிக்கும் ஆதாயம். தேன்சிட்டு பல வேளைகளில் அவ்வாறு செய்வதில்லை. பக்கவாட்டில் உட்கார்ந்து, புல்லிவட்டத்தின் அருகே அலகால் துளையிட்டுத் தேனை மட்டும் எடுத்துக்கொள்கிறது. இதை அறிவியலார் தேன்திருட்டு என்றே அழைக்கிறார்கள். உதிர்ந்த பூக்களைப் பொறுக்கிவரச் சொல்லி, எத்தனை பூவின் அடியில் துளை இருக்கிறது என எண்ணச் செய்யுங்கள். ஐந்தாம் ஆண்டு மாணவர் அட்டவணை வரைவதற்கும், பின்னமும் விழுக்காடும் கணக்கிடுவதற்கும் இதைவிட நல்ல பொருள் கிடைக்குமா? சிவந்த ஒற்றையடுக்குச் செம்பருத்தியையே நடுங்கள். அடுக்கு மிகுந்த கலப்பினங்கள் கண்ணுக்கு அழகுதான். பாடம் நடத்த ஒற்றையடுக்கே தெளிவானது.

அடுத்து நான் பரிந்துரைப்பது வெட்சி. நாம் இட்லிப்பூ என்போம். மலாய்க்காரர் சியாந்தான் என்பர். தென்னிந்தியாவையும் இலங்கையையும் தாயகமாகக் கொண்ட செடி இது. இதன் குழல் மிகக் குறுகலானது. வண்ணத்துப்பூச்சிகளே மிகுதியாக வரும், தேன்சிட்டும் வந்து போகும். ஆநிரை கவரும் போருக்கு நம் முன்னோர் இப்பூவின் பெயரையே வைத்தனர். புறத்திணையின் தலைப்பைப் பிள்ளைகள் பின்னாளில் படிக்கும்போது, 'இது எங்கள் பள்ளி வாசலில் இருந்த பூ' என்று நினைவுகூர்வார்களாயின் ஆசிரியர்க்கு அதைவிட என்ன வேண்டும்? குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிய 99 பூக்களின் பெயர்களையும் மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் மாணவர்களை மேடையில் கண்டு கைதட்டுகிறோம். இறங்கிவந்ததும் அவற்றுள் ஐந்தைத் தோட்டத்தில் காட்டச் சொன்னால் விழிப்பார்கள். குற்றம் அவர்களுடையதன்று.

அப்பட்டியலின் முதற்பூ செங்காந்தள். தமிழகத்தின் மாநில மலரும் அதுவே. கிழங்கிலிருந்து ஆண்டுதோறும் தழைக்கும் பல்லாண்டுக் கொடி. சிவப்பும் மஞ்சளுமாய்த் தீக்கொழுந்துபோல் இருக்கும். தமிழ்ப்பற்று மிக்க பெற்றோர் சிலர் அதைப் பள்ளியில் நட விழைவதுண்டு. தயவுசெய்து வேண்டா. அதன் எல்லாப் பகுதிகளும், சிறப்பாகக் கிழங்கு, கடும் நஞ்சு. ஏழு வயதுப் பிள்ளைகள் மண்ணைக் கிளறும் இடத்தில் அதற்கு இடமில்லை.

மண்ணின் மைந்தனாக ஒரு செடியும் தோட்டத்தில் இருக்கட்டும். அது புங்கா கந்தான். அசாம் லக்சாவில் மணக்கும் அதே மொட்டு, வெட்டாமல் விட்டால் தரையிலிருந்து தீவட்டிபோல் எழுந்து சிவந்து விரியும். தேன்சிட்டின் குடும்பத்தைச் சேர்ந்த, இன்னும் நீண்டு வளைந்த அலகுடைய சிலந்திபிடிப்பான் அதைத் தேடி வரும். காட்டை ஒட்டிய தோட்டப்புறப் பள்ளிகளுக்கு இந்த வாய்ப்பு மிகுதி. ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட நம் தமிழ்ப்பள்ளிகளுள் பல செம்பனைக்கும் ரப்பருக்கும் நடுவில்தான் நிற்கின்றன. மாணவர் எண்ணிக்கை குறைவு என்று நாம் வருந்தும் அப்பள்ளிகள், பறவை பார்ப்பதில் நகரத்துப் பள்ளிகளை எளிதில் விஞ்சிவிடும்.

இப்போது கசப்பான செய்திக்கு வருகிறேன். பள்ளியை அழகுபடுத்துவது என்றால் நம்மவர்க்கு முதலில் தோன்றுவது சிமெந்துத் தரை. அடுத்தது செயற்கைப் புல். அதற்கடுத்தது வண்ணம் பூசிய பழைய டயர்கள். பெற்றோர் வியர்வை சிந்திச் சேர்த்த பணம் நெகிழிப் பூக்களாக மாறி, ஆறு மாதத்தில் வெளுத்து, குப்பைக்குப் போகிறது. டயர்களில் மழைநீர் தேங்குகிறது. ஏடிஸ் கொசு குடியேறுகிறது. பின்னர்ப் புகையடிக்க ஆள் வருகிறார்கள். செம்பருத்திப் போத்துக்கு யாரும் காசு கேட்பதில்லை. 'செடி வைத்தால் பூச்சி வரும், கொசு வரும்' என்று சொல்லும் பெற்றோர் தேங்கிய நீரைத்தான் அஞ்ச வேண்டும். தரையில் நட்ட செடியில் நீர் தேங்காது. தொட்டியின் அடித்தட்டை அகற்றிவிடுங்கள். இலையடுக்கில் நீரைத் தேக்கிவைக்கும் புரோமீலியாட் என்னும் அன்னாசிக் குடும்பத்துச் செடிகளைச் சிவப்பாக இருக்கின்றன என்பதற்காக வாங்க வேண்டா.

பூச்சிமருந்து தெளிப்பதையும் நான் எதிர்க்கிறேன். தேன்சிட்டு வளர்ந்தபின் தேனை விரும்பினாலும், குஞ்சுக்கு ஊட்டுவது சிறுபூச்சியும் சிலந்தியுமே. தேனில் புரதம் இல்லை. குஞ்சு தேனால் வளராது. செம்பருத்தியில் மாவுப்பூச்சி கண்டால் நீரைப் பீய்ச்சிக் கழுவலாம்; மிகுதியானால் அக்கிளையை வெட்டி எறியலாம். சர்க்கரைத் தண்ணீர்க் குப்பி தொங்கவிடுவதும் தேவையற்றது. அமெரிக்காவில் ஒரு பங்கு சர்க்கரைக்கு நான்கு பங்கு நீர் கலந்து வைப்பார்கள். அடிக்கடி கழுவி மாற்றுவார்கள். நம் வெக்கையில் அது விரைவில் புளித்துப்போகும், எறும்பு மொய்க்கும், பள்ளி விடுமுறையில் கழுவுவதற்கு ஆளிருக்காது. செடி விடுமுறை எடுப்பதில்லை.

பெயரைப் பற்றித் தொடங்கினேன். அதில் இன்னொன்று சொல்ல வேண்டும். நம் தேன்சிட்டுகளுள் ஆண் செந்தேன்சிட்டின் தலையும் மார்பும் முதுகும் குங்குமச் சிவப்பு. அதற்கு 1822-இல் அறிவியற்பெயர் இட்டவர் சிங்கப்பூரை நிறுவிய அதே ராஃபிள்ஸ். அப்பெயரில் உள்ள 'சிபராஜா' என்னும் சொல்லை அவர் இலத்தீனிலிருந்து எடுக்கவில்லை. மக்கள் அதை 'செப்பா ராஜா' என்று அழைத்தனர். 'செப்பா' என்பது வாயில் மென்ற சக்கை. அரசர் மென்று துப்பிய வெற்றிலையின் சிவப்பு அப்பறவைக்கு! ஊரார் வைத்த பெயர் உலக அறிவியலில் நிலைத்துவிட்டது. 2002-இல் சிங்கப்பூர் இயற்கைக் கழகம் நடத்திய வாக்கெடுப்பில் அந்நாட்டின் பறவையாக மக்கள் தேர்ந்ததும் இதையே. உள்ளூர்ப் பறவையை ஊரறியச் செய்ய அண்டை நாட்டார் இவ்வளவு முனைந்தனர். நாம் சுவரில் ஓசனிச்சிட்டை வரைந்து வைத்திருக்கிறோம்.

நேரமில்லை என்பது நம் வழக்கமான விடை. 2021-இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வை நீக்கிய பின்னரும் அந்த விடை மாறவில்லை. வாரத்தில் ஒருநாள், ஓய்வு மணிக்கு முன் பத்து நிமிடம், ஒரு செடியின்முன் நான்கு மாணவர். எத்தனை முறை பறவை வந்தது, எந்தப் பூவில் அமர்ந்தது, முன்வாசலா பக்கவாட்டா என்று குறித்துக்கொள்ளட்டும். அன்றைய தமிழ்மொழிப் பாடத்தில் அதையே ஐந்து வாக்கியமாக எழுதட்டும். சொல்வளம் தானாக வரும்: அலகு, காம்பு, புல்லி, சூலகம், மகரந்தம். இவையெல்லாம் நம்மிடம் இருக்கும் சொற்களே.

கூட்டையும் பிள்ளைகளுக்கு அடையாளம் காட்டிவிடுங்கள். பெண்பறவை நாரையும் சருகையும் சிலந்தி நூலால் பிணைத்து, சுருக்குப் பைபோல் தொங்கும் கூட்டைக் கட்டும். பக்கத்தில் வாசல், சில வகைகளில் அதன்மேல் சிறு கூரை. நடைவழியின் கம்பியிலும் தொங்கும் தொட்டியிலும்கூடக் கட்டிவிடும். பார்ப்பதற்கு ஒட்டடைபோல் இருப்பதால் கோத்தோங் ரோயோங் நாளில் துடைப்பத்தால் தட்டிவிடுகிறார்கள். துப்புரவுப் பணியாளரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அருகில் ஓர் அட்டை எழுதிக் கட்டுங்கள்.

செம்பருத்திப் போத்து ஓரடி நீளம், பென்சிலைவிடச் சற்றுத் தடிமனாக, பழுத்த கிளையிலிருந்து சாய்வாக வெட்ட வேண்டும். அடியிலுள்ள இலைகளை நீக்கி, பாதி மண்ணுக்குள் போகுமாறு ஊன்றி, துளிர்விடும் வரை நிழலில் வைத்திருங்கள். மேற்குக் கரைப் பள்ளிகளுக்கு அக்டோபர், நவம்பர் மழை உகந்தது. ஹெலிகோனியாவை மட்டும் வேலியோரம் தள்ளி நடுங்கள்; அதன் கிழங்கு பரவத் தொடங்கினால் கால்வாயையும் விட்டுவைக்காது.